பெயர் எழுதிய படிவம்

என் தம்பியை அடித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் இன்று டொக்டர்கள். அவர்களில் ஒருவனைப் போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். ஒரு கிழவரின் தோளைப் பிடித்து, "சீயா, ஹெமின் ஹெமின்", தாத்தா மெதுவாக மெதுவாக என்று சிங்களத்தில் சொல்லிப் பக்குவமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலால் அவன் பின்மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். போடவில்லை. கிழவர் பயந்துவிடுவார் என்பதற்காக மட்டும் இல்லை. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல், அடிக்கக் கூடாத இடத்தில் அடிக்கிறவள் நான். எப்படி என்று சொல்கிறேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். நான் பௌதிகவியலில் பட்டம் எடுத்தேன். அதிலும் கோட்பாட்டுப் பௌதிகவியல். தோட்டத்தில் யாராவது "என்னா புள்ள படிச்ச?" என்று கேட்டால், நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் பாதி மலை ஏறிவிடுவார். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். பிறகு ஒரு மருத்துவபீடத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். பீடம் எந்த ஊரில் என்று எழுதப்போவதில்லை. எழுதினால், மற்றப் பீடங்களில் இதெல்லாம் நடப்பதில்லை என்று ஆகிவிடும்.

மருத்துவ மாணவர்களின் மனம் ஏன் உடைகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஊரிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் சிலர் தூங்குவதில்லை, சிலர் சாப்பிடுவதில்லை, ஒரு பெண் மாடியிலிருந்து குதித்தாள். இதை ஆராய மூன்று பேர் கூடினார்கள். தலைமை, மனநல மருத்துவம் படிப்பிக்கும் மெடம். இன்னொருவர் எனக்குப் பழக்கமான பௌதிக சேர். மூன்றாமவர் கூர்ப்பு உயிரியல், அதாவது உயிர்களின் பரிணாமம் படிப்பிப்பவர். வருடக்கணக்காகக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவர் குரங்கு சேர். அவரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பௌதிக சேர் மணல் குவியலை வைத்துப் பேசுவார். ஒவ்வொரு மணியாகப் போட்டுக்கொண்டே வந்தால் நெடுநேரம் ஒன்றும் ஆகாது, பிறகு ஒரே ஒரு மணி விழுந்து பாதிக் குவியல் சரியும். அந்தக் கடைசி மணி மேல் குற்றம் சொல்ல முடியாது, எந்த மணி மேலும் சொல்ல முடியாது என்பார். அதைக் கணினியில் செய்து காட்டுவது என் வேலை. ஒரு மாணவன் ஒரு புள்ளி. ஒருத்தன் பாரம் அடுத்தவன் மேல் விழும். திடீரென்று ஒரு மூலையில் புள்ளிகள் எல்லாம் சிவந்துபோகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மண் சரிந்தால் யாரும் மணலைப் பற்றிப் பேசுவதில்லை. கான் வெட்டாமல் விட்டவன் யார் என்று கேட்பார்கள். தண்ணீர் ஓடும் கானை யாரோ ஒருத்தன் வெட்டாமல் விட்டிருப்பான், அவனுக்கு ஒரு பெயரும் இருக்கும்.

குரங்கு சேருக்காக எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் கல்மலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதால் நானே அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். "கெம்பஸ் படிச்சவ கொரங்கு மேய்க்கிறா" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அங்கே நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெரிய குரங்கு நடுத்தரக் குரங்கைக் கடிக்கும். கடிபட்டது திருப்பிக் கடிக்காது. பல்லைக் காட்டிக்கொண்டே சுற்றிலும் பார்க்கும். தன்னைவிடச் சிறியது கண்ணில் பட்டதும் ஓடிப்போய் அதைக் கடிக்கும். ஒரு தடவை ஒரு குட்டியின் காலில் எலும்பு தெரிந்தது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மெடத்துக்கு வேண்டியது படிவம். நாலு பக்கம், முப்பதுக்கு மேல் கேள்விகள். தூக்கம் எப்படி, சாகத் தோன்றுகிறதா, யாரும் அடித்தார்களா, அடித்தால் யார். பெயர் எழுதக் கூடாது. பெயர் இல்லை என்றால்தான் உண்மை வரும் என்பது மெடத்தின் நம்பிக்கை. அப்போது எனக்கும் அதுதான் நம்பிக்கை.

யாரும் அடித்தார்களா என்ற கேள்வி சும்மா போடப்பட்டதல்ல. சீனியர்கள் புது மாணவர்களை வதைப்பதற்குப் பத்திரிகைகளில் பகிடிவதை என்று பெயர். நான் பார்த்தவரை அதில் பகிடி ஒன்றும் இல்லை. முட்டிபோட வைப்பது, சாக்கடைத் தண்ணீரை ஊற்றுவது, வெளியே தெரியாதபடி ஊமைக்குத்து குத்துவது. உடம்பில் எங்கே குத்தினால் தடம் தெரியாது என்று இவர்களுக்குப் பாடமே இருக்கிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் என் தம்பி அதே பீடத்துக்குத் தெரிவானான். எங்கள் தோட்டத்திலிருந்து மருத்துவத்துக்குப் போன முதல் ஆள். சந்தியில் அவன் படம் போட்டுப் பெனர் கட்டினார்கள், கோயிலில் மாலை போட்டார்கள், சிங்களக் கடைக்கார முதலாளிகூட ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அப்பா அந்தப் பெனருக்குக் கீழே காரணமே இல்லாமல் தினமும் நடந்து போனார். அவன் டொக்டராகத் திரும்பி வர வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

முதல் மூன்று மாதம் அவனை அடிக்கடி பார்த்தேன். மெலிந்திருந்தான். வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தான். கேட்டால், "ஒன்னுமில்லக்கா, படிப்புத்தான் கூட" என்பான். நான் மாணவர் மனநலத்தை ஆராய்கிறவள். என் கண்ணுக்கு முன்னால் நின்றவனின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

படிவம் கொடுக்கும் நாள் வந்தது. முதலாம் வருட மாணவர்களைப் பெரிய மண்டபத்தில் உட்கார வைத்தேன். "நம ஓன நே" என்று சிங்களத்திலும், பெயர் எழுத வேண்டாம் என்று தமிழிலும் சொன்னேன். எழுதி முடித்த படிவங்களை நானே வாங்கி உறையில் போட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு எனக்குத் தலைவலி. பக்கத்து மண்டபத்தில் இன்னொரு வகுப்பும் காத்திருந்தது. உதவிக்கு என்று மூன்றாம் வருடத்து மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகளாக, அக்கா அக்கா என்று குழைந்தார்கள். "சேத்து ரூமுக்குக் கொண்டு வந்து தாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நான் பிளேன்டி குடிக்கப் போய்விட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துக் கொண்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா போன் எடுத்தாள். "தம்பி வந்திருக்கான். மூஞ்சி சரியில்ல. பேச மாட்டேங்குறான். நீ வா" என்றாள். வேலை நாளில் அவன் தோட்டத்துக்கு வந்ததே எனக்கு விளங்கவில்லை. மத்தியானம், தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் முகம் கறுத்து வீங்கியிருந்தது. காதிலிருந்து வழிந்த இரத்தம் சட்டைக் கொலரில் காய்ந்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் இரண்டு கையையும் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான்.

அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பின்னேரம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் உள்ள உடைமாற்றும் அறைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே மூன்று பிரதிநிதிகள். அவன் எழுதிக் கொடுத்த படிவம் அவர்கள் கையில் இருந்தது. அதன் தலைப்பில் அவன் பெயர் முழுதாக இருந்தது. யாரும் அடித்தார்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, அந்த மூன்று பேருடைய பெயரையும் எழுதியிருந்தான். ஒருவன் அதை மேடைப் பேச்சு மாதிரி சத்தமாக வாசித்தான். இன்னொருவன் கதவைச் சாத்தினான்.

மூன்றாமவன் தமிழன். சிங்களம், தமிழ் என்று பிரித்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளவும் எனக்கு வழி வைக்கவில்லை. அவன்தான் கேட்டானாம், "நடுக்காதுல எத்தனை எலும்பு?" என்று. தம்பி மூன்று என்றான். "பேரைச் சொல்லு." "கியபங்!", சொல்லுடா என்று வாசித்தவனும் சிங்களத்தில் கத்தினான்.

"மலியஸ்னு சொன்னேன், அடிச்சாங்க. இன்கஸ்னு சொன்னேன், அடிச்சாங்க. ஸ்டேபிஸ்னு சொன்னப்ப கையக் குழிச்சு அடிச்சாங்க. விசில் சத்தம் ஒன்னு கேட்டுச்சு. அப்புறம் அந்தப் பக்கம் ஒன்னுமே கேக்கல. எல்லாம் சரியாத்தான்க்கா சொன்னேன்."

சரியாகச் சொன்னேன் என்பதை என்னிடம் அவன் இரண்டு தடவை சொன்னான். அதன் பிறகு அந்தப் படிவத்தைக் கசக்கி அவன் வாயில் திணித்து, நாலு பக்கத்தையும் தின்ன வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுத்ததையும் விடவில்லை.

இதில் என் பங்கு என்ன என்பது எனக்கு உடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் நான் செய்தது என்ன தெரியுமா? அவனைத் திட்டினேன். "பேரு போடாதேன்னு ரெண்டு பாஷையிலயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அறிவில்லையா ஒனக்கு?"

நான் ஏதோ பாவம் என்பது போல அவன் என்னைப் பார்த்தான். "பேரு போடாம எழுதுனா அது மொட்டப் பெட்டிசம்தானக்கா" என்றான்.

இது வெளியாட்களுக்கு விளங்காது. தோட்டத்தில் எந்த அட்டூழியமும் செய்யலாம், மொட்டைப் பெட்டிசம் மட்டும் போடக் கூடாது. யாரைப் பற்றியாவது முறைப்பாட்டை எழுதிப் பெயர் போடாமல் மேலிடத்துக்கு அனுப்புவதுதான் மொட்டைப் பெட்டிசம். போட்டவனுக்கு லயத்தில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்கப்பிள்ளையைப் பற்றி யாரோ கம்பனிக்கு அப்படி ஒன்று எழுதிவிட்டார். எழுத்துத் தெரிந்தவர் என்பதால் சந்தேகம் அப்பா மேல் விழுந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், எல்லோருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளையின் ஆட்கள் அப்பாவை விழுத்தி மிதித்தார்கள். இரண்டு பல் போனது. வாயில் இரத்தத்தோடு அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார்: "நான் எழுதியிருந்தா பேரு போட்டு எழுதியிருப்பேன்டா." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வேதம். பென்சில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து தம்பி எந்தத் தாளிலும் முதலில் பெயரைத்தான் எழுதுவான். உண்மையை எழுதுகிறவன் பெயரை எழுதுவான், பெயரை மறைக்கிறவன் பொய்யன். மெடத்தின் நம்பிக்கை ஒரு பக்கம், அப்பாவின் நம்பிக்கை ஒரு பக்கம். நடுவில் அவன் காது போனது.

அதற்குள் லயத்து வாசலில் இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். லொறி பிடித்துப் போய் அந்த மூன்று பேரையும் வெட்டுவோம் என்று ஒருவன் கத்தினான். பால் வெட்டிவிட்டு வந்த அப்பா கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. அப்பா சிறுவனாக இருந்த காலத்தில் இனக்கலவரக்காரர்கள் லயங்களை எரித்தபோது மூன்று நாள் இறப்பர் காட்டுக்குள் ஒளிந்து கிடந்தவர். "நாம இங்க நாலு லயம். சுத்தி அவங்க ஊரு. வெட்டிட்டு வந்து எங்கடா தூங்குவீங்க?" என்று கேட்டார். எல்லோரையும் விரட்டிவிட்டு உள்ளே வந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த கம்பை எடுத்து அவன் முதுகில் போட்டார்.

"ஓடியா வந்த? படிக்க அனுப்புனா ஓடியா வந்த? அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவமாட்டான்டா. நின்னு வாங்கிக்கிட்டுப் படிச்சிருக்கணும்."

கம்பு முதுகிலும் தோளிலும் விழுந்தது. தம்பி கத்தவில்லை. அம்மாதான் கத்தினாள். அப்பா அடித்தது கோபத்தில் இல்லை, பயத்தில். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் பாய்ந்து கம்பைப் பிடுங்கி அவரை அடித்தேன். பெற்ற தகப்பனை. குறி பார்க்கவில்லை. தடுக்க நீட்டிய வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பால் கத்தி பிடிக்கிற கை அது. கல்மலையில் நான் நேரம் குறித்து எழுதிய குரங்குக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த மூன்று பேரை அடிக்க முடியவில்லை, என்னை நானே அடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கிட்ட நின்றவரை அடித்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். தம்பி எழுந்து வந்தான். நான் கோடு போட வைத்திருந்த பழைய அடிமட்டத்தை மணிக்கட்டுக்குக் கீழே வைத்து, அம்மாவின் சேலைத் துண்டால் இறுக்காமல் கட்டினான். அப்பா அவன் இடது பக்கமாக ஏதோ மெல்லச் சொன்னார். அவன் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தான். அப்பா மறுபடி சொன்னார். அப்போதுதான் தம்பி முகத்தை முழுதாகத் திருப்பி, "அந்தக் காது கேக்கலப்பா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றான். அப்பா அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் உள்காதும் பழுதாகிவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்றார்கள். ஒரு காதோடு டொக்டராகலாமா என்று அம்மா கேட்டாள். தாராளமாக ஆகலாம் என்றார் அந்த டொக்டர். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு தம்பி திரும்பப் போனான். போனதும் பீடத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். பெயர் போட்டுத்தான்.

விசாரணைக்கு முன்னால் மெடம் என்னைக் கூப்பிட்டார். மெல்லமாகப் பேசுகிறவர், அன்றைக்கும் மெல்லமாகத்தான் பேசினார். படிவங்கள் வெளியாட்கள் கைக்குப் போனது தெரியவந்தால் அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழு ஆராய்ச்சியை நிறுத்திவிடும் என்றார். மற்றப் பிள்ளைகள் நம்பி எழுதியது எல்லாம் குப்பைக்குப் போகும், யாருக்கும் பலன் இல்லாமல் போகும் என்றார். பொய் சொல்லச் சொன்னாரா என்று கேட்டால், சொல்லவில்லை. நான்தான் விளங்கிக்கொண்டேன். நிறுத்தினால் என் வேலையும் போகும், ஆய்வுக் கட்டுரையில் வரப்போகிற என் பெயரும் போகும் என்பதையும் நானேதான் விளங்கிக்கொண்டேன்.

விசாரணை அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் அந்த மூன்று பேர், தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு. தம்பி குளியலறையில் வழுக்கி விழுந்ததைக் கண்டதாக மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். தம்பி படிவத்தைப் பற்றிச் சொன்னான். குழுத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார், படிவங்களைச் சேகரித்தது யார் என்று.

"நான்தான்" என்றேன்.

"ஏதும் குறைந்ததா?"

"இல்லை."

தம்பி தலையைச் சற்றுத் திருப்பி, கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். முறைப்பாட்டுக்குச் சாட்சி இல்லை என்று விசாரணை முடிந்தது. வெளியே வந்ததும் அவன் என்னிடம், "சாப்டீங்களாக்கா?" என்றான். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நாள் ஓடியது. நான் புள்ளிகளைச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வெளியானது. மூன்று துறைகள் கைகோர்த்த நல்ல முயற்சி என்று பாராட்டினார்கள். அதில் என் தம்பி இல்லை. எங்கள் கைக்கு வராத படிவம் எங்கள் தரவில் எப்படி இருக்கும்? அவன் சோதனைகளில் நன்றாகச் செய்தான். அவனை யாரும் தொடவில்லை. சீனியர்களோடு ஒன்றாகச் சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டேன். பிரச்சினை ஓய்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வருடம் புது மாணவர்கள் வந்தார்கள். மறுபடி படிவம். இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் என் கையாலேயே வாங்கினேன். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் என் அறைக்கு வந்தான். எஹலியகொடப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உட்காரச் சொன்னேன். உட்கார முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீங்க. ஒங்க தம்பி அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா? நாங்களும் தோட்டத்து ஆளுங்கதான்னு சொல்லுங்க. இனி அடிக்காம இருந்தாப் போதும். வேற ஒன்னும் வேணாங்க."

எனக்கு ஒரு கணம் விளங்கவே இல்லை. இடத்தைக் காட்டச் சொன்னேன். சட்டையைத் தூக்கினான். முதுகின் கீழ்ப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இலேசான சிவப்பு மட்டும். ஊமைக்குத்து. ஒன்றுக்குப் போனால் இரத்தம் வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவனைத் திரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சிறுநீரகத்தில் அடி. நாலு நாள் வைத்திருந்தார்கள். தேறிவிட்டான். அந்த நாலு நாளும் அவன் என்னிடம் கேட்டது, இது தன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

தம்பி அப்போது படிப்பு விடுமுறையில் தோட்டத்தில் இருந்தான். நான் போனபோது பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பையனை அடித்தாயா என்று கேட்டேன். மறுக்கவில்லை.

"அந்த மூணு பேருந்தான் சொன்னாங்க, ஒன் ஆளு, நீயே பாத்துக்கன்னு. நான் அடிக்கலன்னா அவங்க அடிப்பாங்க. அவங்க அடிச்சா என்னா ஆகும்னு எனக்குத் தெரியும்." வாளியை நகர்த்தி வைத்தான். "காதுல படாமத்தான்க்கா அடிச்சேன்."

அவன் அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. செய்த உபகாரத்தைச் சொல்வது போலச் சொன்னான். கை தானாக மேலே போனது. அவன் ஓடவில்லை, தலையை மறைக்கவும் இல்லை. அடிக்கட்டும் என்று நின்றான். நான் கையை இறக்கினேன். "நான் பீடத்துல எழுதிக் குடுக்கப் போறேன். ஒன் பேரு போட்டு, என் பேரும் போட்டு" என்றேன்.

பிறந்ததிலிருந்து என்னை நீங்க என்று பேசியவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ என்றான்.

"என்னைய அடிச்சப்ப நீ பொய் சொன்ன. அன்னைக்கு நீ உண்மையச் சொல்லியிருந்தா அந்த மூணு பேரும் பீடத்துல இருந்திருக்க மாட்டானுங்க. நானும் யாரையும் அடிச்சிருக்க மாட்டேன். இப்ப ஒனக்கு உண்ம வருதா? நான்தான் கெடச்சேனா?"

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. அந்தப் பையன் ஒன்றுக்குப் போவதற்கே பயந்து கட்டிலில் கிடந்ததும் பொய் இல்லை. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போய் எழுதிக் கொடுத்தேன். முந்தின வருடம் படிவங்களை யாரிடம் விட்டுப் போனேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். பழைய விசாரணை முடிந்தது முடிந்ததுதான், அதைத் திறக்க முடியாது என்றார்கள். புதிய விசாரணைக்கு அடியைக் குறித்த ஆஸ்பத்திரித் துண்டு இருந்தது, சாட்சி இருந்தது, பெயர் போட்ட முறைப்பாடு இருந்தது.

என் வேலை போனது. அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தம்பிக்கு ஒரு வருடத் தடை கிடைத்தது. அந்த ஒரு வருடமும் அப்பாவின் முறிந்து சரியாகச் சேராத கைக்குப் பதிலாக மலையில் பால் வெட்டினான். பிறகு திரும்பப் போய், இப்போது தான் அடித்த அந்தப் பையனோடு ஒரே வகுப்பில் படிக்கிறான். அந்த மூன்று பேருக்கும் ஒரு நாள் தடைகூடக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியவள், சொல்ல வேண்டிய அன்றைக்கு, "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.